‘மெயின்டனன்ஸ்’ இரண்டாந்தர வேலை அல்ல

பீளமேட்டிலும் சரவணம்பட்டியிலும் உள்ள சாஃப்ட்வேர் கம்பெனிகளில் பிள்ளைகள் வேலைக்குச் சேர்ந்திருக்கும் வீடுகளில் ஒரு வருத்தம் அடிக்கடி காதில் விழும். “பையனை டெவலப்மென்ட்ல எடுக்கலீங்க, மெயின்டனன்ஸ்ல தள்ளிட்டாங்க.” சம்பளம் குறையவில்லை, வேலையும் போகவில்லை. ஆனாலும் உறவுக்காரர்களிடம் சொல்லத் தயங்குகிற செய்தியாக அது ஆகிவிடுகிறது. ‘தள்ளிட்டாங்க’ என்ற அந்த ஒரு சொல்லில் முழுத் தீர்ப்பும் இருக்கிறது.

வீட்டில் மட்டும் இப்படி நினைக்கிறார்கள் என்றால் விட்டுவிடலாம். கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள், ஸ்டார்ட்-அப் மேடைகளில் பேசுபவர்கள், இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு மதிப்பெண் போடும் ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். புதிதாக எழுதுகிறவன் படைப்பாளி, இருப்பதைச் சரிசெய்கிறவன் கூலியாள் என்பது அவர்கள் கருத்து. “புதுசா என்னப்பா பண்ணியிருக்கே?” என்றுதான் மாணவனைக் கேட்கிறார்கள். “எதைச் சரிசெய்தாய்?” என்று எவரும் கேட்பதில்லை.

இந்தக் கருத்து அடியோடு தவறு என்பது என் வாதம். அதை நிறுவ, எதிர்த்தரப்புக்கு மிக வசதியான இடத்தையே எடுத்துக்கொள்கிறேன்: யூனிக்ஸ் கட்டளைவரிக் கருவிகள். கறுப்புத் திரையில் தட்டச்சு செய்து ஓட்டுகிற கட், சார்ட், க்ரெப், ஆக், டபிள்யூ-சி போன்ற சின்னச் சின்ன நிரல்கள். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸோடு சேர்ந்து வளர்ந்தவை. க்ரெப்புக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இதைவிடப் பழைய, இதைவிடக் கவர்ச்சியற்ற மெயின்டனன்ஸ் வேலை வேறு இருக்க முடியாது. “அது எல்லாம் எப்பவோ முடிஞ்சு போன சமாச்சாரம், அதுல இனி என்ன பழுது?” என்பார்கள்.

என்ன பழுது என்று கேட்பவர் தம் ஊர்ப் பெயரை ஒரு கோப்பில் தட்டிப் பார்க்கட்டும். கோயம்புத்தூர். தமிழ் படித்தவர் கணக்கில் ஏழு எழுத்து: கோ, ய, ம், பு, த், தூ, ர். லினக்ஸில் டபிள்யூ-சி கட்டளையிடம் பைட் எத்தனை என்று கேட்டால், வரி முடிவுக் குறியை விட்டுவிட்டு, 39 என்கிறது. எழுத்து எத்தனை என்று கேட்டால் 13 என்கிறது. உயிர்க்குறியும் புள்ளியும் யூனிகோட் என்ற உலகக் குறியாக்கத்தில் தனித்தனி இடம் பிடித்திருப்பதால் அந்தப் பதின்மூன்று. ஏழு என்ற விடை எங்கும் வருவதில்லை.

கதை இதோடு முடியவில்லை. ‘கோ’வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு வகையாக எழுத இடமிருக்கிறது. ஒரே குறியாக எழுதலாம். ஏகாரக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகத் தட்டியும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சாக ஒன்றுபோலவே தெரியும். பைட் கணக்கில் ஒன்று 39, மற்றது 42. முதல் வகையில் தட்டி க்ரெப்பில் தேடினால் இரண்டாம் வகையில் எழுதிய வரிகள் அகப்படாது. இரண்டும் கலந்த ஒரு முகவரிப் பட்டியலைச் சார்ட் செய்து யூனிக் கட்டளைக்குக் கொடுத்தால், கோயம்புத்தூர் இரண்டு ஊராக வெளியே வரும். பார்க்கிறவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்ப்பார், வித்தியாசம் தெரியாது.

அடுத்து மூன்று ஊர்களை எடுத்துக்கொள்வோம்: பல்லடம், பவானி, பழனி. அகராதி வரிசைப்படி ல, வ, ழ என்பதால் இதுதான் சரியான அடுக்கு. யூனிக்ஸின் ‘சி’ என்ற அடிப்படை அமைப்பில் சார்ட் ஓட்டினால் பல்லடம், பழனி, பவானி என்று வரும். காரணம் எளிது. 1988-இன் இஸ்கி என்ற இந்தியக் குறியாக்கத் தரத்திலிருந்து யூனிகோடுக்கு வந்த தமிழ்க் கட்டத்தில் ல, ள, ழ, வ என்று எண்கள் போயிருக்கின்றன. கட்டளை அந்த எண்களைத்தான் பார்க்கிறது. தமிழ் வரிசை விதிகள் கணினியில் சரியாக எழுதப்பட்டு, அவை தேர்வும் செய்யப்பட்டிருந்தால்தான் இது நேராகும். வேகம் கருதி ‘சி’ அமைப்பிலேயே ஓடவிடும் சர்வர்கள் ஏராளம்.

2010 ஜூனில் இதே கோவையில் கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. கூடவே தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அந்த நாட்களில்தான் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்-16-ஐயும் தமிழ்க் குறியாக்கத் தரமாக அறிவித்தது. அந்த அறிவிப்பால் எழுத்துருக்களின் குழப்பம் குறைந்தது, நல்லதே நடந்தது. ஆனால் தரத்தை அறிவிப்பது ஒரு நாள் வேலை. அந்தத் தரத்தில் எழுதிய தமிழை ஒவ்வொரு கருவியும் உடைக்காமல் கையாளும்படி செய்வது பல ஆண்டு வேலை. அதற்கு மேடை கிடையாது, மாலை கிடையாது. அதன் பெயர் மெயின்டனன்ஸ்.

கட் கட்டளையையே பாருங்கள். ஒரு வரியின் முதல் எழுத்தை வெட்டிக் கொடு என்றால் லினக்ஸில் வரும் க்னூ தொகுப்பின் கட் நெடுங்காலமாக முதல் பைட்டைத்தான் வெட்டித் தந்துவந்தது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று பைட் என்பதால் கையில் வருவது எழுத்தின் மூன்றில் ஒரு துண்டு, திரையில் கேள்விக்குறி. எழுத்து என்று கேட்டாலும் பைட் என்று கேட்டாலும் இப்போதைக்கு ஒன்றுதான் என்று அதன் கையேடே ஒப்புக்கொண்டிருந்தது. அந்த ‘இப்போதைக்கு’ பல்லாண்டு நீடித்தது.

பராமரித்தவர்கள் சோம்பேறிகள் என்று யாரும் எண்ண வேண்டாம். ஜிம் மேயரிங், பாட்ரிக் பிரேடி, பால் எகர்ட் போன்றவர்கள் இந்தத் தொகுப்பில் செலுத்திய உழைப்பைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சிக்கல் உண்மையிலேயே கடினமானது. கோப்பின் நடுவில் யூனிகோடுக்குப் பொருந்தாத ஒரு பைட் வந்தால் என்ன செய்வது? நிறுத்துவதா, அப்படியே கடத்துவதா? ஒவ்வொரு பைட்டாக ஓடிய நிரல் எழுத்தாகப் பிரித்து ஓடும்போது வேகம் குறையும். பெரிய கோப்பை நாள்தோறும் ஓட்டுகிறவர் அதை ஏற்பாரா? எழுத்து என்று எழுதிவிட்டுப் பைட் கணக்கை நம்பியே ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஸ்கிரிப்டுகள் உலகெங்கும் எத்தனையோ. அவை உடைந்தால் யார் பொறுப்பு? எல்லாவற்றுக்கும் மேலாக, ‘எழுத்து’ என்பது யூனிகோட் குறியா, நாம் பள்ளியில் படித்த எழுத்தா?

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. பன்மொழி ஆதரவுக்கான ஒரு தனித் திருத்தத்தைச் சில லினக்ஸ் வெளியீடுகள் மூலத் தொகுப்புக்கு வெளியே தாமாக ஒட்டி வைத்திருந்தன. 2013-இல் சூஸெ வெளியீட்டின் அந்தத் திருத்தத்தில் சார்ட், யூனிக், ஜாயின் மூன்றிலும் பாதுகாப்புப் பழுது வெளிப்பட்டது. நீளமான வரி ஒன்றைக் கொடுத்தால் நிரல் செத்துவிழும். பிற மொழிகளைக் காக்க வந்த திருத்தமே கருவியைச் சாகடித்தது. எனவே, நல்ல நோக்கம் இருந்தால் போதும், நாலு வரி மாற்றிவிடலாம் என்று இந்தத் துறையில் யாரும் நினைக்க முடியாது. மாற்றும் வரி நாலாக இருக்கலாம். அதற்கு முன் பிழையைத் திரும்ப நிகழ்த்திக் காட்ட வேண்டும், அது எந்த வெளியீட்டில் நுழைந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பிடிக்க வேண்டும், மீண்டும் வராமலிருக்கச் சோதனை எழுத வேண்டும், வேறு எதுவும் உடையவில்லை என்று காட்ட வேண்டும், ஏன் மாற்றினோம் என்பதைப் பத்து வருடம் கழித்துப் படிப்பவனுக்கும் விளங்கும்படி எழுதி வைக்க வேண்டும். வெற்றுத் தாளில் புது நிரல் எழுதும் மாணவனுக்கு இவற்றில் ஒன்றையும் செய்யும் அவசியம் வருவதில்லை. இதில் எது கடினம் என்று நடுநிலையாக ஒருவர் சொல்லட்டும்.

பெரிய மூளைகள் இந்த வேலைக்கு வராது என்பது இன்னொரு வாதம். பிரையன் கெர்னிகன் யார் என்று கணினி படித்த எல்லோருக்கும் தெரியும். சி மொழியின் பாடநூலை ரிட்சியோடு சேர்ந்து எழுதியவர். ஆக் என்ற பெயரில் உள்ள கடைசி எழுத்து அவருடையது. ஏஹோ, வைன்பெர்கர் இருவரோடும் சேர்ந்து 1977-இல் அதை உருவாக்கினார். 2022-இல் தம் எண்பதாவது வயதில் அவர் செய்தது என்ன? அதே ஆக் நிரலைத் திறந்து, யூனிகோட் எழுத்துக்களைச் சரியாகக் கையாளும்படி திருத்தினார். திருத்தத்தைப் பராமரிப்பாளர் ஆர்னால்ட் ராபின்ஸுக்கு அனுப்பும்போது, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்க இப்போது எல்லோரும் பயன்படுத்தும் கிட் கருவி தமக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்றும் எழுதினார். கோயம்புத்தூரின் நீளத்தைக் கேட்டால் 39 என்று சொல்லிவந்த அந்த ஆக், அதற்குப் பிறகு 13 என்று சொல்கிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எண்பது வயதில் செய்யத் தயங்காத வேலை, இருபத்திரண்டு வயதுப் பையனுக்குக் கௌரவக் குறைச்சல் என்றால் தவறு வேலையில் இல்லை, அவனுக்கு நாம் கற்றுக்கொடுத்த மதிப்பீட்டில் இருக்கிறது.

பழைய கருவிகளில் பழுதே இருக்காது என்ற நம்பிக்கையை 1988-லேயே ஒருவர் உடைத்துவிட்டார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் மில்லர் ஒரு மழை இரவில் தொலைபேசி இணைப்பின் வழியே வேலை செய்துகொண்டிருந்தபோது, இடி மின்னலால் வரியில் புகுந்த குப்பை எழுத்துக்களால் நிரல்கள் விழுவதைக் கண்டார். அதையே மாணவர்களுக்கு வகுப்புப் பயிற்சியாகக் கொடுத்தார்: கன்னாபின்னாவென்று எழுத்துக்களை உருவாக்கி யூனிக்ஸ் கருவிகளுக்கு ஊட்டுங்கள். 1990-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைப்படி, சோதித்த ஒவ்வொரு யூனிக்ஸ் வகையிலும் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கருவிகள் செத்தன அல்லது திகைத்து நின்றன. இன்று பாதுகாப்புத் துறை முழுவதும் பயன்படுத்தும் ‘ஃபஸ்ஸிங்’ என்ற சோதனை முறை பிறந்தது அந்த வகுப்பறைப் பயிற்சியில்தான். பழைய கருவியில் பிழை தேடிப் போனவர்களுக்கு ஒரு புதிய துறையே கிடைத்தது.

பேஷ் என்ற கட்டளை உறையில் 1989-இல் புகுந்த ஒரு பிழையை 2014 செப்டம்பரில் ஸ்டெஃபான் சாஸலாஸ் கண்டுபிடித்தார். கால் நூற்றாண்டு அது யார் கண்ணிலும் படவில்லை. ‘ஷெல்ஷாக்’ என்று உலகம் அலறியது. அதன் வழியே வெளியிலிருந்து ஒருவர் சர்வருக்குள் தம் கட்டளையை ஓட்டிவிட முடிந்தது. அன்று பேஷைப் பராமரித்தவர் செட் ரேமி. ஒகையோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, ஊதியம் எதுவும் இல்லாமல் பல பத்தாண்டுகளாக அதைக் கவனித்துவருபவர்.

இவற்றையெல்லாம்விட என்னை உலுக்கியது 2024 மார்ச்சில் நடந்தது. எக்ஸ்-ஜெட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு கருவி. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கும். யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. அதைப் பின்லாந்தின் லாசெ காலின் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். 2022-இல் வேலை தாமதமாகிறது என்று முன்பின் தெரியாத சிலர் அவரை நெருக்கினார்கள். தமக்கு நெடுநாளாக மன உளைச்சல் இருக்கிறது, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவர் பதில் எழுதினார். அந்த நேரத்தில் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பினார், நம்பிக்கை பெற்றார், இணைப் பராமரிப்பாளர் ஆனார். பிறகு 5.6.0, 5.6.1 ஆகிய வெளியீடுகளில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் வாசலைத் திருட்டுத்தனமாகத் திறக்கும் குறியீட்டை ஒளித்து வைத்தார். உலகின் சர்வர்களில் பெரும் பகுதிக்கு அது பரவியிருக்கும். தடுத்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். எஸ்எஸ்எச் நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாகிறது, சிபியு அதிகம் செலவாகிறது என்று கவனித்து, ஏன் என்று விடாமல் தோண்டினார்.

அரை விநாடியைப் பொருட்படுத்திய கண் எங்கிருந்து வருகிறது? அவர் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தை ஆண்டுக்கணக்கில் பராமரித்துத் தேறியவர். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றின் இயல்பான நடை எது, பிசகிய நடை எது என்று அறிந்தவர். புதிது புதிதாக எழுதி எறிந்துவிட்டுப் போகிறவருக்கு அந்தக் கண் வாய்ப்பது கடினம். மறுபுறம், களைத்துப்போன ஒரு பராமரிப்பாளரைத் தனியே விட்டதுதான் எதிரிக்குக் கதவைத் திறந்தது. பராமரிப்பை நாம் மதிக்காததன் விலை அது. உலகமே கொடுக்கவிருந்த விலை.

“எதற்கு இந்தப் பழசைக் கட்டி அழ வேண்டும்? புது மொழியில் திரும்ப எழுதிவிட்டால் போச்சு” என்கிறவர்கள் இருக்கிறார்கள். எழுதட்டும், அதில் நியாயம் உண்டு. நினைவகப் பிழைகளில் ஒரு பெரும் வகையே ரஸ்ட் மொழியில் அடிபட்டுப் போகும். 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10 என்ற லினக்ஸ் வெளியீடு, க்னூ கருவிகளுக்குப் பதிலாக ரஸ்டில் எழுதிய தொகுப்பை வைத்தது. சில நாட்களிலேயே, ஒரு கோப்பு கடைசியாக எப்போது மாறியது என்று டேட் கட்டளையிடம் கேட்டால் இப்போதைய நேரத்தைச் சொல்கிறது என்று தெரிந்தது. அதை நம்பியிருந்த தானியங்கிப் புதுப்பிப்புச் சோதனை ஓசையில்லாமல் நின்றுபோயிருந்தது. அந்தப் பிழையைச் சரிசெய்ய என்ன தேவைப்பட்டது? மெயின்டனன்ஸ். புதிய தொகுப்பு சரியா என்று பார்க்க அவர்கள் வைத்திருக்கும் உரைகல்லும் பழைய க்னூ பராமரிப்பாளர்கள் ஆண்டாண்டாக எழுதிச் சேர்த்த சோதனைகள்தான்.

செயற்கை நுண்ணறிவு எல்லாப் பிழையையும் சரிசெய்துவிடும் என்பது இப்போதைய பேச்சு. இணையத்திலிருந்து தரவை எடுத்துவரும் கர்ல் கருவியை 1990-களிலிருந்து பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பெர்க், அப்படி இயந்திரம் எழுதிக் கொடுத்த போலிப் பிழைப் புகார்களால் மூச்சு முட்டிப்போய், பிழை கண்டுபிடிப்போருக்கான பரிசுத் திட்டத்தையே 2026 ஜனவரியோடு நிறுத்தினார். அதே இயந்திரத்தை விஷயம் தெரிந்தவர்கள் கையாண்டபோது உண்மையான பிழைகள் அவருக்குக் கிடைத்தன என்பதையும் சொல்ல வேண்டும். எது பிழை, எது பிழையில்லை என்று தீர்ப்புச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளைக் கல்லூரியில் உருவாக்காமல், இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று இருப்பது வெறும் கனவு.

கோவைக்காரர்கள் மெயின்டனன்ஸை இழிவாகப் பேசுவது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கிறது. இந்த ஊரின் தொழில் வரலாறு தொடங்கியதே பழுது பார்ப்பதில்தான். 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் நூற்பு மில் தொடங்கினார். எந்திரங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. பாகம் உடைந்தால் கப்பல் வரும்வரை மில்லை மூடி வைக்க முடியாது. உள்ளூர்ப் பட்டறைகளும் ஃபவுண்டரிகளும் உடைந்த பாகத்தைப் பார்த்துப் பார்த்து வார்த்துக் கொடுத்தன. அந்தக் கைகளுக்கு உலோகமும் அளவும் பழகின. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபோது மில்கள் பெருகின. கிணற்றுக்குப் பம்பும் மோட்டாரும் இங்கேயே செய்யும் திறனும் வளர்ந்தது. 1962-இல் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நூற்பு எந்திரத்தையே செய்தது. பழுது பார்க்கத் தெரிந்தவர்கள்தான் எந்திரம் செய்தார்கள். இந்த வரிசை மாறி நடந்ததாக இந்த ஊர் வரலாற்றில் இல்லை. இன்றும் எந்த மில்லிலும் ரிங் ஃப்ரேமின் சத்தத்தை வைத்தே எந்த ஸ்பிண்டில் கோளாறு என்று சொல்லும் மெயின்டனன்ஸ் ஃபிட்டருக்கு முதலாளியே எழுந்து மரியாதை கொடுப்பார். அந்த மரியாதை சாஃப்ட்வேரில் அதே வேலையைச் செய்கிற பிள்ளைக்கு ஏன் இல்லை?

இந்திய சாஃப்ட்வேர் தொழிலும் அப்படித்தான் நிமிர்ந்தது. இரண்டாயிரமாவது ஆண்டுப் பிழை என்று உலகம் அஞ்சியபோது பழைய கோபால் மொழி நிரல்களை வரிவரியாகத் திருத்திக் கொடுத்தவர்கள் நம் பிள்ளைகள். அந்த நம்பிக்கையில்தான் பின்னால் பெரிய ஒப்பந்தங்கள் வந்தன. அடுத்த தேதியும் குறித்தாயிற்று. 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. நேரத்தை 32 பிட்டில் எண்ணும் யூனிக்ஸ் வகைக் கருவிகளின் கடிகாரம் அந்த விநாடிக்குப் பின் 1901-க்குப் போய்விடும். பெரிய சர்வர்கள் பெரும்பாலும் மாறிவிட்டன. ஆலைகளுக்குள்ளே அலமாரிப் பெட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கண்ட்ரோலர்களில் எவை 32 பிட் என்று இப்போதே எண்ணத் தொடங்குவதும் மெயின்டனன்ஸ் வேலைதான்.

எதிர்த்தரப்பின் ஒரு வாதத்தை மட்டும் நான் மதிக்கிறேன். பல கம்பெனிகளில் மெயின்டனன்ஸ் என்ற பெயரில் நடப்பது டிக்கெட் மூடும் வேலை. வாடிக்கையாளர் புகார் வரும். சர்வரை ஒருமுறை அணைத்துப் போடு, புகாரை மூடு, அடுத்ததை எடு. மூலநிரலைத் திறந்து பார்க்க அனுமதியும் இருக்காது, நேரமும் இருக்காது. இரண்டு வருடம் அங்கே இருந்த பையனுக்குக் கை துருப்பிடிக்கிறது என்று பெற்றோர் கவலைப்படுவது நியாயம். ஆனால் அது பராமரிப்பைக் கெடுத்து வைத்திருக்கும் நிர்வாகத்தின் குற்றம். காரணத்தைத் தேடவிடாமல் அறிகுறியை மட்டும் மூடச் சொன்னால் எந்தத் தொழிலும் கெடும். அதற்குத் தீர்வு, காரணம் தேடுகிற பராமரிப்பைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது. வேலையையே இழிவாகப் பேசுவது நிர்வாகத்துக்குத்தான் வசதி.

இது வெள்ளைக்காரர் எழுதியது, அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று இருக்கவும் முடியாது. பழனிக்கும் பவானிக்கும் முன்பின் தெரிந்தவர் நாம்தான். அடிப்படை நம்மிடம் இருக்கிறது. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998-இலிருந்து இயங்குகிறது. 2012-இல் தொடங்கிய கணியம் இதழ் லினக்ஸைத் தமிழிலேயே எழுதிக் கற்றுக்கொடுத்தது. முத்து அண்ணாமலையும் நண்பர்களும் எழுதிய ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரலகம் கோயம்புத்தூரை ஏழு எழுத்தாகச் சரியாகப் பிரிக்கும். அரசு 2011-லிருந்து மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் தொடக்க காலத்தில் விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்தது. கருவிகள் நம் பிள்ளைகளின் மேசைக்கே வந்து சேர்ந்தன. மூலநிரல் திறந்து கிடக்கிறது. பிழைப் பட்டியலும் திறந்து கிடக்கிறது. தமிழ் தெரிந்த, சி மொழி தெரிந்த ஆள் மட்டுமே குறை. கொங்கு நாட்டில் எத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன என்று வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம் வட்டாரத்துக் கணினித் துறைத் தலைவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். காசு கொடுத்து ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கி வரும் வருகைப்பதிவேட்டு மென்பொருளை இறுதியாண்டு ப்ராஜெக்டாக ஏற்கிறீர்கள்; புதிது என்பதற்காக மதிப்பெண்ணும் போடுகிறீர்கள். அடுத்த கல்வியாண்டில், பொதுவில் எல்லோரும் பயன்படுத்தும் ஒரு கருவியில் மாணவர் ஒரு பிழையைத் திரும்ப நிகழ்த்திக் காட்டி, சோதனை எழுதி, திருத்தம் அனுப்பி, பராமரிப்பாளர் அதை ஏற்றுக்கொண்டால், அதை முழு ப்ராஜெக்டாக ஏற்றுக்கொள்ளுங்கள். நான்கு வரி மாற்றமாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். வாய்மொழித் தேர்வில் அந்த நான்கு வரியைப் பற்றி அரை மணி நேரம் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த பையனோ பெண்ணோ எந்தக் கம்பெனியிலும் எங்கே போட்டாலும் பிழைத்துக்கொள்வார்கள்.